பின்சக்கரத்துப் பாரம்

கனகசெட்டிக்குளத்துக் கரையில் கட்டுமரங்கள் ஏறும் நேரத்துக்குக் கண்ணையனின் வேன் பனைமரங்களுக்கு அடியில் வந்து நின்றுவிடும். கரையில் மீன் ஏலம் முடிந்து, பெண்கள் கூடைகளில் மீனை அடுக்கி, ஈரச்சாக்கைப் போர்த்திச் சுமந்து வருவதற்குள் கிழக்கு வெளுத்துவிடும். அதன்பிறகு புதுச்சேரிப் பெரிய மார்க்கெட்டுக்கு ஒரே ஓட்டம்தான். முந்திப் போகிறவளுக்குத்தான் வியாபாரம். வெயில் ஏறிவிட்டால் மீனை யாரும் சீந்த மாட்டார்கள்.

அந்த வேன் முன்பு ஒரு பிரெஞ்சுக்காரரின் ரொட்டிக்கடையில் ஓடியது. அவர் ஊருக்குக் கப்பலேறியபோது அதை விட்டுவிட்டுப் போனார். மில் கிடங்கில் பஞ்சுப் பொதிகளை எடைபோட்டுக்கொண்டிருந்த கண்ணையன், மில்லில் ஆள் குறைத்த பிறகு, மனைவி செல்வாம்பாளின் நகைகளைக் கொடுத்து அதை வாங்கினான். முத்தியால்பேட்டையில் அவர்கள் வீட்டு வாசலில் அது வந்து நின்றபோது செல்வாம்பாள் சூடம் ஏற்றிக் கும்பிட்டாள். ரொட்டி வாசனை போய் மீன் வாசனை வந்து ஒட்டிக்கொள்ள ஒரு வாரம்கூட ஆகவில்லை.

சித்திரை மாதத்தில் காலாப்பட்டுக்கு இப்பால் பழைய டயர் ஒன்று வெடித்தது. வண்டி பள்ளத்தில் இறங்கிப் பனைமரத்தில் சாய்ந்து நின்றது. உயிருக்கு ஒன்றுமில்லை. மீன்காரி கொளஞ்சிக்கு முழங்கை பிசகியது; மண்ணில் கொட்டிய மீனைப் பெண்கள் அழுதுகொண்டே பொறுக்கினார்கள். அன்றிலிருந்து செல்வாம்பாளும் தினம் வண்டியில் வர ஆரம்பித்தாள். முன்னால் உட்காராமல் பின்னால் பெண்களோடு கூடைகளுக்கு நடுவே உட்கார்ந்துகொள்வாள். ஏன் என்று கண்ணையன் கேட்டதற்கு, "நடந்தா எனக்கும் நடக்கட்டும்" என்றாள்.

டயர் மாற்றுவதும் எளிதாக இல்லை. புதுச்சேரி இந்தியாவோடு சேர்ந்தபிறகு பிரான்சு அளவு டயர் கப்பலில் வருவது நின்றுபோயிருந்தது. இந்தியப் பக்கத்து டயர் அந்தச் சக்கரத்தில் சரியாக உட்காராது. நெம்பி அடித்து மாட்டிவிடுகிறேன் என்று சொன்ன கடைக்காரர்களும் உண்டு. விழுப்புரத்திலிருந்து வந்து புதிதாகக் கடை வைத்திருந்த இராமதாஸ்தான் அது ஆபத்து என்று தடுத்தான். சென்னைப் பட்டணத்தில் தேடி, ஆணித் துளைகள் பொருந்துகிற நாலு சக்கரங்களையும் அவற்றுக்கேற்ற நாலு டயர்களையும் கொண்டுவந்து மாட்டிக் கொடுத்தான். கண்ணையன் கேட்டது ஒரே கேள்விதான்.

"எவ்ளோ தாங்கும்?"

"ஒரு டயரு தொள்ளாயிரம் தாங்கும்ணே. கவலப்படாதீங்க."

கண்ணையன் மனத்துக்குள் கணக்குப் போட்டான். முகம் மலர்ந்தது. மறுநாளிலிருந்து ஒன்பது பேர் ஏறிய வண்டியில் பன்னிரண்டு பேர் ஏறினார்கள்.

இது நடந்து பத்துப் பதினைந்து நாள் இருக்கும். வைகாசி வெயில். கோட்டக்குப்பம் தாண்டும்போதே சுடத் தொடங்கிவிடும். வண்டி பள்ளத்தில் விழுந்தெழும்போதெல்லாம் பின்சக்கரம் மேல்தகட்டில் 'சர்ர்' என்று உரசும். அந்தச் சத்தம் வரும்போது செல்வாம்பாள் பேச்சை நிறுத்திவிடுவாள்.

"இன்னா செல்வா, புள்ளத்தாச்சி மாதிரி மூஞ்சி வெளுத்துக் கெடக்கற?" என்றாள் கொளஞ்சி. அவள் வாய்க்குக் கரையில் எல்லோரும் பயப்படுவார்கள்.

"ஒண்ணுமில்லக்கா. சக்கரம் ஒரசுது."

"ஒரசினா ஒரசட்டும். ஒம் புருசன் ஓட்டுறதுக்கு மாட்டுவண்டி தேவல. அது ஒரசாது, முக்கும்."

பெண்கள் சிரித்தார்கள். முன்னாலிருந்து கண்ணையனும் சிரித்தான். அவர்களில் மூத்தவளான தையல்நாயகி மட்டும் செல்வாம்பாளின் முழங்காலைத் தட்டி, "பயப்படாத. கடல்ல போறவன நெனச்சிக்க. இது தரைதான்" என்றாள்.

அன்று மார்க்கெட் வாசலில் வண்டி நின்று பெண்கள் ஒவ்வொருவராக இறங்கிக்கொண்டிருந்தபோது இராமதாஸ் காய்கறிப் பையோடு எதிரே வந்தான். முதலில் சிரித்தான். நாலாவது ஆள் இறங்கும்போது சிரிப்பு குறைந்தது. கூடைகள் வரத் தொடங்கியதும் பையைத் தரையில் வைத்துவிட்டு வந்து, பின்சக்கரத்தின் முன் குந்தி, டயரின் பக்கத்தில் உள்ளங்கையை வைத்தான். உடனே கையை எடுத்துக்கொண்டான்.

"கண்ணையண்ணே, எத்தினி பேருங்க?"

"பன்னெண்டு. நம்ம வூட்டுக்காரியோட பதிமூணு. பதினஞ்சுகூட ஏத்தலாம், எடம்தான் இல்ல."

"பதினஞ்சா? நான் தொள்ளாயிரம்தானே சொன்னேன்?"

"ஆமா. நாலு டயருக்கு மூவாயிரத்து அறுநூறு கிலோ. வண்டிக்கு ஆயிரம் போனாலும் மிச்சம் கெடக்குதே."

இராமதாஸ் எழுந்தான்.

"கிலோ இல்லண்ணே. ராத்தல்."

"ராத்தலா?"

"பட்டணத்து டயருக்கு எல்லாம் ராத்தல்தான். எங்க பக்கத்துல வேற கணக்கே கெடயாது. ரெண்டு ராத்தலுக்கு மேல சேர்ந்தாத்தான் ஒரு கிலோ. நான் ராத்தல்னு சொல்லணும்னே எனக்குத் தோணல."

"நாங்க இங்க மில்லுல கிலோவத் தவுர வேற போட்டதில்ல தம்பி. நம்பரச் சொன்னா அது கிலோதான்."

இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை, ஏமாற்றவும் இல்லை. ஒரே ஊராக ஆகிவிட்டோம் என்று சொல்லிக்கொண்டிருந்த இரண்டு பக்கங்களும் இன்னும் வெவ்வேறு தராசில் நின்றுகொண்டிருந்தன. அந்த இடைவெளியில்தான் பன்னிரண்டு பெண்கள் தினம் உட்கார்ந்து வந்தார்கள்.

பஞ்சுப் பொதிகளை எடைபோட்டவனுக்குக் கணக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பாரமெல்லாம் பின்னால்தான் விழுகிறது. பின்டயர் இரண்டும் சேர்ந்து எண்ணூறு கிலோ தாங்கும். அதில் பாதியை வண்டியின் சொந்தக் கனமே எடுத்துக்கொள்ளும். மிச்சம் நானூறு. ஓர் ஆள் நாற்பத்தைந்து, ஒரு கூடை முப்பது. பன்னிரண்டு ஆளும் பன்னிரண்டு கூடையும் தொள்ளாயிரம். நானூறில் ஐந்து ஆளும் ஐந்து கூடையும்தான் அடங்கும். கண்ணையனின் உதடு அசைந்து நின்றது.

"காத்த இன்னும் கொஞ்சம் ஏத்திட்டா?"

"காத்து ஏத்தினா உள்ள இருக்கற நூலுக்குப் பலம் வந்துடுமாண்ணே? நீங்க மில்லு ஆளு, ஒங்களுக்குத் தெரியாததா. டயருக்குள்ள அடுக்கடுக்கா நூல்துணிதான். இது நாலு அடுக்கு. காரு ஓட்டறவங்களுக்குப் போதும். ஒங்களுக்கு ஆறு அடுக்கு வேணும். சூடு ஏற ஏற நூல் வுட்டுக்கும். அதான் தொட்டுப் பாத்தேன்."

"ஆறு அடுக்கு இருக்குதா?"

"சொல்லி வச்சாத்தான் வரும். ஒரு மாசம்கூட ஆவும். அதுவும் பன்னெண்டு பேர இப்பிடித் தாங்காது. ஆனா பயம் கொறையும்." அவன் குரல் இறங்கியது. "இத நான் திருப்பி எடுத்துக்கறேன். ஓடின டயருன்னு பாக்க மாட்டேன். யாரு ஏறுவாங்க, இன்னா ஏத்துவீங்கன்னு கேட்டிருக்கணும். கேக்காம வித்தது என் தப்பு."

செல்வாம்பாள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள். இராமதாஸ் மறந்துவிட்டுப்போன காய்கறிப் பையை ஓடிப்போய்க் கொடுத்துவிட்டு வந்தாள்.

மத்தியானம் வீட்டில் இருவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். கேழ்வரகுக் களி, தையல்நாயகி கறிக்கென்று கொடுத்த நெத்திலியில் குழம்பு. கண்ணையன் களியைத் தொட்டுத் தொட்டு வைத்தான்.

"ஒரு மாசம் மெதுவா ஓட்டிக்கறேன். கப்பி ரோட்டுல மாட்டுவண்டி வேகத்துல போனா ஒண்ணும் ஆவாது."

"மெதுவா போனா கனம் கொறயுமா?"

"பதினஞ்சு நாளா ஓடலயா?"

"ஓடுச்சு. சாமி ஓட்டிச்சு. இனிமே நமக்குத் தெரியுமே. தெரிஞ்சிக்கிட்டு ஓட்டினா சாமி எதுக்கு நம்மகூட ஒக்காரும்? அஞ்சு பேர மட்டும் ஏத்து."

கண்ணையன் குழம்புச் சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அஞ்சு பேர ஏத்துன்னு சொல்ற. ஏழு பேர எறங்குன்னு நான் எந்த வாயால சொல்றது? போன தடவ பள்ளத்துல வுழுந்தும் திரும்ப நம்பி வந்தவங்க. இந்த வண்டியும் ஆவாதுன்னா மரக்காணத்து லாரிக்காரன்கிட்ட போயிடுவாங்க. அவன் மேல ஏத்திக் கயித்துல கட்டி இட்டாருவான். அது மட்டும் பயமில்லயா?"

அதில் உண்மை இருந்தது. அவளுக்கும் அது தெரிந்திருந்தது. அதனால்தான் அவளுக்கும் களி இறங்கவில்லை. சாயங்காலம் அம்மன் கோயிலுக்குப் போனாள். என்ன கேட்பது என்று தெரியவில்லை. எண்ணெய் ஊற்றிவிட்டு, சும்மா நின்றுவிட்டு வந்தாள்.

மறுநாள் விடியலில் வேன் வழக்கம்போலப் பனைமரத்தடியில் நின்றது. காற்று அசையவில்லை. கடல் எண்ணெய் தடவியதுபோலக் கிடந்தது. பகல் எப்படிக் காயும் என்பது அப்போதே தெரிந்தது. கட்டுமரங்களில் வஞ்சிரமும் சங்கராவும் நிறைய ஏறியிருந்தன. பெண்கள் சந்தோஷமாக இருந்தார்கள். கூடைகள் என்றைக்கும்விடக் கனமாக வந்தன. செல்வாம்பாள் கணவன் முகத்தைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்க்காமல் முன்னால் போய் உட்கார்ந்தான். ஒன்று, இரண்டு என்று பெண்கள் ஏறினார்கள். செல்வாம்பாளும் ஏறித் தன் இடத்தில் உட்கார்ந்தாள். அவள் விரல்கள் மட்டும் புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தன.

தையல்நாயகி இன்னும் ஏறவில்லை. சுற்றிக்கொண்டு முன்பக்கம் போய், ஜன்னல் வழியாகப் பூவரசு இலையில் மடித்த எதையோ நீட்டினாள்.

"இந்தா தம்பி. கெழங்கு சுட்டேன். சூடா இருக்குது. நீ தெனம் வெறும் வயித்தோட வந்து எங்கள இட்டுக்கினு போற."

கண்ணையன் வாங்கிக்கொண்டான். இலை கையில் சுட்டது. அதை மடியில் வைத்துக்கொண்டு எதிரே பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். வண்டி கிளம்பவில்லை.

"இன்னாடாது, தூங்கிட்டியா?" என்று பின்னாலிருந்து கொளஞ்சி தட்டினாள். "வெயிலு வந்தப்புறம் போனா மீன நீதான் துன்னணும்."

அவன் இறங்கிப் பின்பக்கம் வந்தான். இலைப்பொட்டலம் கையிலேயே இருந்தது.

"எல்லாரும் கொஞ்சம் எறங்குங்கம்மா."

பன்னிரண்டு பேரும் கூடைகளோடு இறங்கி மணலில் நின்றார்கள். அவன் மறைக்காமல் சொன்னான். கிலோவையும் ராத்தலையும் சொன்னான். கணக்கில் தான் செய்த தவறைச் சொன்னான். ஐந்து பேருக்குமேல் ஏறினால் டயர் எந்த இடத்திலும் வெடிக்கலாம் என்பதைச் சொன்னான். நேற்றே தெரிந்தும் இன்று ஏற்றிக்கொண்டு போகத்தான் வந்தேன் என்பதையும் சொன்னான்.

கொளஞ்சி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"அப்ப நேத்து வரைக்கும் எங்கள எதுமேல குந்த வச்சிக் கொண்டாந்த?" என்றாள் கொளஞ்சி. கத்தவில்லை. அவள் கத்தாமல் பேசியதுதான் எல்லோருக்கும் பயமாக இருந்தது. "என் கையி இன்னும் நேரா நீட்ட வரல, பாரு."

"தெரியாம செஞ்சிட்டேன்க்கா."

"இன்னிக்கித் தெரிஞ்சும் ஏத்துனியே."

செல்வாம்பாள் கண்ணையன் பக்கத்தில் வந்து நின்றாள்.

"சரி, ஏத்திட்டான், எறக்கியும் வுட்டுட்டான்" என்றாள் தையல்நாயகி. "இப்ப யாரு அந்த அஞ்சு பேரு? அதப் பேசுங்க."

அதைப் பேசத் தொடங்கியதும் பெரிய சண்டை எழுந்தது. கைப்பிள்ளையை விட்டுவிட்டு வந்தவள் ஒருத்தி. கடனுக்கு ஏலம் எடுத்தவள் ஒருத்தி. நேற்று மீன் விற்காமல் போனவள் ஒருத்தி. ஒவ்வொருத்திக்கும் ஞாயம் இருந்தது. தெற்கே போகும் முதல் பஸ் வரும் நேரம். ஆனால் பஸ்ஸில் மீன்கூடையை ஏற்ற விடமாட்டார்கள். கூடை இல்லாமல் பெண்கள் போய் என்ன செய்வது?

"கூடைங்க வண்டில போவட்டும்" என்றாள் செல்வாம்பாள் திடீரென்று. அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "பன்னெண்டு கூடயும் சேர்ந்து முந்நூத்தி அறுவது கிலோதான். டயரு தாங்கும். இன்னிக்கிக் கூடைங்க கனம்தான், அதனால நான் முன்னால குந்திக்கறேன். நீங்க வெறுங்கையா பஸ்ஸுல வாங்க. இந்த டயர மாத்தற வரைக்கும் வண்டிக் கூலி பாதி குடுங்க, போதும்."

அவள் கேட்டது சின்ன விஷயமல்ல. அந்தக் கரையில் ஒரு பெண் ஏலம் எடுத்த கூடை விற்று முடியும்வரை அவள் கண்ணைவிட்டு அகலாது. தண்ணீர் குடிக்கப் போனாலும் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டுதான் போவாள். கண் மறைந்தால் மேலிருக்கும் நல்ல மீன் காணாமல் போய், அடியில் பழைய மீன் வந்துவிடும். அப்படி ஏமாந்தவர்கள் அங்கே இருந்தார்கள். கூடப்பிறந்தவளிடம்கூடக் கூடையை ஒப்படைத்துவிட்டுப் போகும் வழக்கம் இல்லை.

எல்லோரும் கொளஞ்சியைப் பார்த்தார்கள். அவள் தன் பிசகிய முழங்கையைத் தேய்த்துக்கொண்டு நின்றாள். பிறகு குனிந்து தன் கூடையை வண்டிக்குள் தள்ளினாள்.

"எறக்கி வுட்டான் இல்ல? வாய மூடிட்டு ஓட்டியிருந்தா யாருக்குத் தெரியப்போவுது" என்றாள். "என்னுது பொறத்தால கெடக்கட்டும். சூடு படாத எடமா வையி. ஏ, வாங்கடி, பஸ்ஸு வந்துரும். கண்டக்டரு நம்மள மோந்து பாக்கறதுக்குள்ள ஏறிடணும்."

ஒவ்வொரு கூடையாக ஏறியது. கண்ணையன் அவற்றைச் சக்கரங்களுக்கு நடுவே பரப்பி அடுக்கினான்.

வேன் மார்க்கெட்டுக்கு வந்துவிட்டது. பஸ் வரவில்லை.

செல்வாம்பாள் பன்னிரண்டு கூடைகளையும் இறக்கி வரிசையாக வைத்து நடுவில் நின்றாள். வெயில் கூரை விளிம்பைத் தாண்டிக் கூடைகள்மேல் விழத் தொடங்கியது. கண்ணையன் தகர டப்பாவில் தண்ணீர் கொண்டுவந்து சாக்குகளை நனைத்தான். நனைத்த சாக்கு காய்வது கண்ணெதிரே தெரிந்தது. ஓட்டல்காரர்கள் வந்து விலை கேட்டார்கள்.

"இருங்க, மீனுக்கு ஒடையவங்க வராங்க."

"வரத்துக்குள்ள நாறிடும்மா. நீயே குடுத்துட்டுக் காச வச்சிரு."

"அது என் மீன் இல்லீங்க."

ஒரு மொத்த வியாபாரி சாக்கைத் தூக்கி வஞ்சிரத்தைத் தொட்டுப் பார்க்கக் கை நீட்டினான். அவள் கூடைமேல் தன் கையை வைத்து மறித்தாள். அவன் ஏதோ முணுமுணுத்துவிட்டுப் போனான். பஸ் வழியில் நின்றுவிட்டதோ, கண்டக்டர் பெண்களை ஏற்றவே இல்லையோ என்று அவள் மனம் போகாத இடமெல்லாம் போய் வந்தது. மீன் கெட்டுப்போனால் பன்னிரண்டு வீட்டில் அடுப்பு எரியாது. இனி எவரும் எவரிடமும் கூடையைக் கொடுக்க மாட்டார்கள்.

நிழலில் உட்கார்ந்திருந்த குருசுக்குப்பத்து மீன்காரி அமிர்தவல்லி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். கனகசெட்டிக்குளத்து மீன் வராத நாள்தான் அவளுக்கு நல்ல நாள். இரண்டு ஊர்க் கூட்டத்துக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. அவள் எழுந்து தன் இரண்டு கூடைகளைச் சுவரோரம் இழுத்துப் போட்டாள்.

"இன்னா பாத்துக்கிட்டு நிக்கற? நெழலுக்கு இழு. மீனு இன்னா பாவம் பண்ணுச்சு?"

தன் கூடையிலிருந்த உமி ஒட்டிய ஐஸ்துண்டையும் உடைத்து, பாதியைக் கொண்டுவந்து செல்வாம்பாள் கையில் வைத்தாள். பிறகு தன் இடத்துக்குத் திரும்பிப்போய், ஒன்றும் நடக்காததுபோல விலை கூவத் தொடங்கினாள்.

ஐஸ் கரைந்து முடியும் நேரத்தில் வாசல் பக்கம் பழக்கமான சத்தம் கேட்டது. பெண்கள் வெறுங்கையோடு ஓடி வந்தார்கள். கூடை இல்லாமல் அவர்களைப் பார்க்க வேறு யாரோ போல இருந்தது.

"மீன் வாசனைக்குத் தனி டிக்கெட்டு கேக்கறான் கண்டக்டரு" என்று மூச்சு வாங்கினாள் கொளஞ்சி. "கோட்டக்குப்பத்துல டீ குடிக்க எறங்கினவன இழுத்துக்கினு வர்றதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு."

ஒவ்வொருத்தியும் தன் கூடையைத் தேடிப் பிடித்தாள். சாக்கை விலக்கி மேலே, அடியில், பக்கத்தில் என்று கைவிட்டுப் பார்த்தாள். செல்வாம்பாளுக்கு அது வருத்தமாக இல்லை. அது அவர்கள் பிழைப்பு. ஆனாலும் ஒவ்வொரு கை கூடைக்குள் போகும்போதும் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கொளஞ்சி தன் கூடையின் முன் வந்து நின்றாள். தலையில் சும்மாட்டை வைத்தாள். குனிந்தாள்.

"தூக்கி வுடு."

"பாத்துக்கக்கா. வஞ்சிரம் மேலயே இருக்குது."

"இன்னாத்தப் பாக்கறது? ஓட்டல்காரன் போயிடப்போறான். தூக்குடி."

செல்வாம்பாள் மூடிய கூடையை இரண்டு கைகளாலும் பிடித்து உயர்த்தினாள். நடுவழியில் கொளஞ்சி தன் நல்ல கையைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டாள். கூடை அவள் தலையில் அமர்ந்தது. திரும்பிப் பார்க்காமல் கூட்டத்துக்குள் புகுந்து, எல்லோருக்கும் முந்தி விலை கூவிக்கொண்டு போனாள்.